'வேண்டாம்' என்ற சொல்

முதுமை பற்றிய நம் பேச்சில் 'சுயாதீனம்' என்ற வார்த்தை கொஞ்ச காலமாகப் புழங்கிவருகிறது. நல்லதுதான். 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, 'காமன் காஸ்' வழக்கில், கௌரவத்தோடு சாவதும் வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்று தீர்ப்புச் சொன்னது. மீள முடியாத கட்டத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றாயிற்று. எழுதியதை மாஜிஸ்திரேட் முன் அத்தாட்சி செய்ய வேண்டும் என்றிருந்த நிபந்தனையும் 2023 ஜனவரியில் தளர்ந்தது. நோட்டரியோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியோ போதும். இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் அடியில் ஓர் அனுமானம் கிடக்கிறது. ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அந்தச் சொல் அவருடையதுதான் என்கிற அனுமானம். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. சந்தேகத்தின் பேரில் அந்தச் சொல்லையே பிடுங்கிக்கொள்கிறவர்கள் மேல் இன்னும் பெரிய சந்தேகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இங்கிலீஷில் விருப்பத்துக்கு ஒரு வினை, தேவைக்கு ஒரு வினை, கட்டாயத்துக்கு வேறொன்று. தமிழில் மூன்றுக்கும் 'வேண்டும்' ஒன்றுதான். காப்பி வேண்டும் என்றால் விருப்பம். செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் தேவை. நாளைக்குப் போக வேண்டும் என்றால் கட்டாயம். தெய்வத்திடம் போய் நின்றால் அதே வேர் 'வேண்டுதல்' ஆகிவிடுகிறது. எதிர்மறையும் இப்படித்தான். ஒரு கிழவி 'சிகிச்சை வேண்டாம்' என்கிறாள். டாக்டரின் காகிதத்தில் அது 'விருப்பமில்லை' என்று பதிவாகிறது. வீட்டார் காதில் 'தேவையில்லை' என்று விழுகிறது. அவள் சொன்னது 'நான் கேட்கக் கூடாது' என்பதாக இருக்கலாம். மூன்றும் ஒரே ஒலி. சொன்னவளுக்கே எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமலும் இருக்கும்.

இலக்கணக் கேளிக்கையாக இதைச் சொல்லவில்லை. கோவளத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வாயில் இந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டினால் வருகிற ஊர். ஆற்காட்டு நவாப் காலத்துக் கோட்டை ஒன்று இங்கே இருந்தது. 1752இல் கிளைவிடம் விழுந்து தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் 1974 முதல் ஒரு நட்சத்திர விடுதி. கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. மாதா கோயில் இருக்கிறது, தர்கா இருக்கிறது. இரண்டுக்கும் எல்லா மதத்து நோயாளிகளும் வருகிறார்கள். இவற்றுக்கெல்லாம் நடுவில் குப்பம். கேளம்பாக்கம் போகிற பக்கம் முதியவர்களுக்கென்றே கட்டிய அடுக்ககங்கள்: குளியலறையில் கைப்பிடி, கட்டிலருகே அழைப்பு மணி, வாசலில் ஆம்புலன்ஸ்.

அடுக்ககத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எனக்குப் பழக்கம். வங்கிக்கு வந்தால் அரை மணி நேரம் சர்ச்சை செய்யாமல் போகமாட்டார். அவர் எழுதிவிட்டார்: வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், குழாய் வழியே உணவு வேண்டாம். நோட்டரி முத்திரையோடு ஒரு பிரதி அமெரிக்காவில் இருக்கும் மகனிடம். "பையனுக்குப் பாரமா இருக்கக் கூடாது பாருங்கோ" என்றார். தெளிவான மனிதர். பயத்தையும் தெளிவாகவே சொல்கிறவர்.

மற்றவள் மீன் விற்ற கிழவி. ஓய்வூதியப் பணம் எடுக்க வந்திருந்தாள். விரல் ரேகை இயந்திரத்தில் படியவில்லை. ஐஸும் உப்பும் செதிலும் தின்ற விரல்கள். அவளைப் போல் பலருக்கு இப்படித்தான். நாலு விரலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கும்போது காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன். சர்க்கரைப் புண். "ஆஸ்பத்திரிக்குப் போகலையா ஆயா?" "வேணாம் சார். வயசானா இப்பிடித்தான். இன்னாத்துக்கு?" என்றாள்.

அந்த 'இன்னாத்துக்கு'வின் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கேட்கக் கேட்கச் சொன்னாள். அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆனால் புண்காலோடு பேருந்துப் படி ஏற முடியாது, ஆட்டோதான். படுக்கச் சொன்னால் பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும். மருமகள்தான் போக வேண்டும். மருமகள் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, சேர்ந்தாற்போல் நாலு நாள் வராவிட்டால் வேலையே இல்லை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆள் கிடையாது. விரலை எடுக்கணும் என்பார்கள், எடுத்தால் அப்புறம் நடப்பது எப்படி? இவ்வளவையும் கூட்டிக் கழித்து, கீழே கோடு போட்டு, விடை எழுதியிருந்தாள்: வேணாம். பதினோரு வருஷமாக வங்கியில் கூட்டல் கழித்தலே பிழைப்பாக இருப்பவன் சொல்கிறேன், அந்தக் கணக்கில் பிழை கிடையாது. இலவசம் என்று நாம் சொல்கிற சிகிச்சைக்கு என்ன விலை என்பது அவளுக்குத் தெரிந்த அளவு எந்தத் துறைச் செயலருக்கும் தெரிந்திருக்காது.

(அவள் எடுக்க வந்த தொகையின் சரித்திரம்: தமிழக அரசு 1962இல் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2011இல் 1000. 2023இல் 1200. எண்பது வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007இல் 200 ரூபாய். மாநிலம் 1200 ஆக்கிய வருஷத்திலும் அது 200 ரூபாயாகவே இருந்தது.)

அமர்த்திய சென் 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதிய சிறு கட்டுரை இங்கே நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் அதிக ஆயுள் கொண்ட கேரளத்து மக்கள்தான் தங்களுக்கு நோய் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகாரில் குறைவாகச் சொல்கிறார்கள். அமெரிக்கர்களோ கேரளத்தாரையும்விட அதிகமாகச் சொல்கிறார்கள். பார்க்க வழியில்லாத இடத்தில் நோய் நோயாகத் தெரிவதில்லை, வயசாகத் தெரிகிறது. ஆகவே ஒருவருடைய ஆரோக்கியத்தை அவர் வாய்மொழியை மட்டும் வைத்து அளக்காதீர்கள் என்பது சென்னின் எச்சரிக்கை. சரிதான். ஆனால் இந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த அடி வைக்கும்போதுதான் வழுக்குகிறது.

ஒரு மார்க்ஸிய நண்பரிடம் கிழவியின் கதையைச் சொன்னேன். "அது அவள் குரலே இல்லை, வறுமையின் குரல்" என்றார் உடனே. அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. கிழவிக்கு நிலம் இல்லை, பணம் இல்லை, காலும் போகப் போகிறது. மிச்சமிருந்தது ஒரு சொல். அதையும் அவளுடையது இல்லை என்று சொல்லிவிட்டோம். தவிர, அவள் கணக்கில் வறுமை மட்டும் இல்லை. மருமகளின் வேலை போய்விடக் கூடாது என்ற கரிசனம் இருக்கிறது, பேரன் இருக்கிறான், காலை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறது, கொஞ்சம் ரோஷமும் இருக்கிறது. வீட்டுக்காகத் தன்னைக் கழித்துக்கொள்வதைத் தவிர அன்பைக் காட்ட வேறு பாஷை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. இதையெல்லாம் 'பொய்ப் பிரக்ஞை' என்று ஒரே உறையில் போட்டு ஒட்டிவிடலாகாது. மறுபக்கம், 'அவர் முடிவை மதிக்கிறோம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிற தாராளவாதம் இருக்கிறதே, அது இதைவிட மோசம். அதற்குச் செலவே இல்லை. மதிப்பது எப்போதும் ஆட்டோ அனுப்புவதைவிட மலிவு.

அப்படியானால் பொறியாளரின் 'வேண்டாம்' சுத்தமான சுயாதீனம், கிழவியுடையது நிர்ப்பந்தம் என்று பிரிக்கலாமா? அதுவும் நிற்கவில்லை. 'பாரமாக இருக்கக் கூடாது' என்றுதானே அவரும் சொன்னார். மகன் முகம்தான் அங்கேயும் எதிரே இருக்கிறது. மனித மனசின் உள்ளே போய், எது சொந்த விருப்பம், எது பிறர் போட்ட சுமை என்று சல்லடையில் சலித்துப் பார்க்கிற காரியம் யாராலும் ஆகாது. நாவலாசிரியனால்கூடப் பாதிதான் ஆகிறது.

எனக்குப் படுகிற வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பொறியாளர் தன் 'வேண்டாமை'த் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். எழுதிவைத்ததை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று தீர்ப்பே சொல்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி, மனம் மாறி, மணியை அழுத்தினால் ஆம்புலன்ஸ் வரும். கிழவி அதே ராத்திரி மனம் மாறினால்? மருமகளுக்குக் காலையில் வேலை. ஆட்டோக்காரனுக்குக் கடன் சொல்ல வேண்டும். 108ஐக் கூப்பிடலாம், வரும். வந்தால் கூட ஏறிக்கொள்ள யார்? ஏற்கெனவே 'வேணாம்' என்று சொன்னவள் இப்போது 'வேணும்' என்றால் அதுவே ஒரு குற்றம் மாதிரி. அவள் சொல் சொன்ன நிமிஷத்திலேயே இறுகிவிட்டது. ஆகவே மறுப்பு சுதந்திரமானதா என்று மனசுக்குள் தேடாமல், அதைத் திரும்பப் பெற என்ன செலவாகும் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை வெளியே, ரோட்டிலும் வார்டிலும் சம்பளப் பட்டியலிலும் இருக்கிறது. கண்ணால் பார்க்கலாம், கூட்டிப் பார்க்கலாம். சுயாதீனம் என்பது ஒருவருக்குள் உறைந்திருக்கும் வஸ்து என்ற எண்ணத்தை விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. சுற்றியிருப்பவர்கள் கட்டித் தருவது அது, படிக்கட்டு மாதிரி. ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்.

திரும்பப் பெற முடியாத மறுப்பின் கடைக்கோடி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. விருதுநகர் பக்கத்துத் தலைக்கூத்தல். விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுப்பது. குளிர்ந்து, காய்ச்சல் கண்டு, சிறுநீரகம் கெட்டு, ஓரிரு நாளில் உயிர் போகும். 2010இல் ஒரு முதியவர் வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டுத் தப்பியோடி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்த பிறகுதான் பத்திரிகைகள் இதைப் பரவலாக எழுதின. 'பாரம்', 'கே.டி. என்கிற கருப்புதுரை', 'தலைக்கூத்தல்' என்று படங்களும் வந்தன. இதைக் கிராமத்துக் குரூரம் என்று சொல்லி அதிர்ந்துபோவது நகரத்தானுக்குச் சௌகரியம். நகரத்தில் இதற்குக் காகிதம் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் பில் ஏறி, வீட்டில் எல்லாம் அடகு போன பிறகு, 'மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்' என்ற படிவத்தில் மகன் கையெழுத்துப் போடுகிறான். படுத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. அவர் ஓடவும் முடியாது. அந்த 2010ஆம் வருஷத்து மனிதரின் ஓட்டத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அவருடைய சார்பில் மற்றவர்கள் சொல்லிக்கொண்ட 'வேண்டாமை' அவர் காலால் ரத்து செய்தார். கால் இருந்தது.

இந்த விஷயத்தில் நம் புதுக்கவிதை என்ன செய்தது என்று ஒரு வார்த்தை. முதியோர் இல்லத்தில் விடப்பட்ட அம்மாவைப் பற்றி எட்டு வரி எழுதாத கவி தமிழில் உண்டா? கடைசி வரியில் ஒரு குத்தல், போட்டியில் பரிசு. அத்தனை கவிதைகளிலும் அழுகிறவன் மகன். அம்மா ஒரு தடவைகூட வாயைத் திறப்பதில்லை. ஒருவேளை அவளுக்கு அங்கே பிடித்திருக்கலாம். மருமகளோடு சமையல்கட்டுக்குச் சண்டை போட வேண்டியதில்லை என்று நிம்மதியாகக்கூட இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

பழசு இதைவிடத் தெளிவாக இருந்தது. புறநானூற்றின் 191ஆம் பாட்டில் பிசிராந்தையாரைக் கேட்கிறார்கள்: இவ்வளவு வயசாகியும் நரை இல்லையே, எப்படி? உடம்பைப் பற்றிய கேள்வி. அவர் பதிலில் உடம்பே இல்லை. உணவு இல்லை, மருந்து இல்லை, ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்கள் சொல்லும் நடைப்பயிற்சி இல்லை. மனைவி, மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அல்லது செய்யாமல் காக்கும் அரசன், ஊரில் அடங்கிய சான்றோர். இவ்வளவுதான். தன் கருமுடி தன் சாதனை இல்லை, வீடும் அரசும் ஊரும் சேர்ந்து செய்தது என்கிறார். பொது சுகாதாரத்துக்காரர்கள் பக்கம் பக்கமாக நிறுவுவது இதைத்தான். ஆனால் ஒன்று: அந்தப் பட்டியலில் வருகிற ஏவலர்களுக்கு எப்போது நரைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கோவளத்து மருமகள் அந்த வரிசையில் நிற்பவள். இதே பிசிராந்தையார்தான், மக்களோடு மாறுபட்டு வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து உயிர் விட்டவர். அரசனுடைய 'வேண்டாம்' வடக்கிருத்தல் ஆகிறது, நடுகல் ஆகிறது, பாட்டாகிறது. விட்டுக்கொடுக்க ஒரு நாடு கையிலிருந்தவனின் மறுப்பு அது.

லியர் அரசனிடம் மகள்கள் நடத்துவதும் 'வேண்டும்' பற்றிய வாதம்தான். நூறு வீரர்கள் எதற்கு, ஐம்பது போதாதா, இருபத்தைந்து, பத்து, ஐந்து, ஒருவன்தான் எதற்கு என்று இறங்குகிறார்கள். தர்க்கம் குற்றமற்றது. கிழவன் தேவை என்ற அளவுகோலையே மறுக்கிறான்; அவன் கேட்டது விருப்பம், அவர்கள் தர மறுப்பது தேவை. தமிழில் இந்தக் காட்சியை எழுதினால் இரண்டு பக்கமும் ஒரே வினைச்சொல்லைத்தான் வீசிக்கொள்ள வேண்டியிருக்கும். இன்று லியருக்கு வழி உண்டு. 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு: பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையின் பேரில் எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால், தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். நூறு வீரர்கள் என்ற நிபந்தனை பகிரங்கமாகச் சொல்லப்பட்டது, வழக்கு ஜெயிக்கும். நல்ல பிரிவு, கொடுத்த 'வேண்டும்' ஒன்றைத் திரும்பப் பெற வைக்கிறது. ஆனால் கொடுக்க ராஜ்யம் இருக்க வேண்டும். பட்டா இல்லாத குப்பத்து வீட்டில் 23ஆம் பிரிவுக்கு வேலை இல்லை. 'உயில்' என்ற சொல்லே இங்கிலீஷில் விருப்பத்தைக் குறிக்கும் சொல்தான். தமிழுக்கு வரும்போது விருப்பம் கழன்றுபோய் சொத்து மட்டும் வந்து சேர்ந்தது. கோவளம் மாதா கோயிலில் அடங்கியிருக்கும் போர்ச்சுகீசிய வணிகர் ஜான் டிமான்டி தன் சொத்தைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார். ஆழ்வார்பேட்டையில் பேய்ப் படத்தால் பிரபலமான டிமான்டி காலனி அவருடையதுதான். இருநூறு வருஷமாக அவர் விருப்பம் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

கிழவிக்குச் செல்லுபடியான ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. கொண்டுவருபவள் அக்கம்பக்கத்துப் பெண். முதல் மாசம் கிழவி 'வேணாம்' என்று அனுப்பிவிட்டாளாம். அடுத்த மாசம் அவள் மறுபடி வந்தாள். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டாள். மாத்திரை நல்லதா என்பது வேறு விஷயம். ஒரு மறுப்பைத் திரும்பப் பெற, யாரும் கெஞ்சாமல், ரோஷம் கெடாமல், ஒரு வாசல் மாசாமாசம் திறந்தது என்பதே முக்கியம். காலுக்கு அப்படி ஒரு வாசல் இன்னும் வரவில்லை. மாத்திரை வருவது போல் மருமகளின் நாலு நாள் சம்பளம் வீட்டுக்கு வராது. அந்த மருமகளிடம் நான் பேசியபோது அவள் கோபமாகவே இருந்தாள். "நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்னா சொன்னேன்? அதுதான் வேணாங்குது" என்றாள். அவள் சொன்னதும் நிஜம். அவளுக்குப் பதிலாக ஒருத்தி வார்டில் இரண்டு ராத்திரி உட்கார முடிந்தால், அந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஒரே சமயத்தில் சுயாதீனம் கிடைக்கும். பணிவிடை பற்றிய தர்ம சாஸ்திரங்கள் எல்லாம் பணிவிடை செய்பவளுக்கு யார் என்ற இடத்தில் நின்றுவிடுகின்றன.

வங்கியில் ஒரு விதி உண்டு. கையெழுத்தும் போட முடியாமல், கிளைக்கும் வர முடியாமல் படுத்துவிட்டவர் பணம் எடுக்க வேண்டுமானால், கைநாட்டு வாங்கலாம். கை வராவிட்டால் கால் பெருவிரல் ரேகை போதும். அது அவர் ரேகைதான் என்று வங்கிக்குத் தெரிந்த இரண்டு சுதந்திரமான சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும். அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலர். அதுவும் முடியாதவரிடம் ஒரு குறி போதும். அதற்கும் இரண்டு சாட்சி. 1200 ரூபாய்க்கு இவ்வளவு. அதிகாரியோடு நானும் அப்படிச் சில வீடுகளுக்குப் போயிருக்கிறேன். கேட்கிற வேலையை அவர் என்னிடம் விட்டுவிடுவார். எத்தனை முறை கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை. நான் இரண்டு முறை கேட்கிறேன்: ஒரு தடவை மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது, இன்னொரு தடவை அவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு. பெரும்பாலும் பதில் மாறுவதில்லை. மாறியதும் உண்டு. கிளைக்குத் திரும்ப நேரமாகிறது என்று மேலாளர் குறைப்பட்டுக்கொள்கிறார்.